மலை ஏறினால் போதை இறங்குமா?

அமெரிக்காவில் ஒரு வைத்தியம் நடக்கிறது. கட்டில் கிடையாது. நாலு சுவர் கிடையாது. போதையை விட்டு மீள நினைக்கும் வாலிபர்கள் ஏழெட்டு பேரைச் சேர்க்கிறார்கள். ஆளுக்கு 15 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றுகிறார்கள். யூட்டா பாலைவனம், கொலராடோ மலை, வட கரோலினா காடு என்று நாள் கணக்கில் நடக்க விடுகிறார்கள். சில இடங்களில் வாரக் கணக்கு!

காட்டில் நடந்தால் குடி போய்விடுமா, இது என்னய்யா கூத்து என்று கேட்கத் தோன்றும். அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது.

போதைக்காரனின் பொழுது எப்படிப் போகிறது? கண் விழித்ததும் காசு எங்கே, சரக்கு எங்கே, இன்றைக்கு யாரிடம் பொய் சொல்வது என்ற கவலைதான். காட்டில் அது அறுந்து போகிறது. கடை இல்லை. கூட்டாளி இல்லை. செல்போன் சிணுங்காது. அங்கே வேறு கவலை. தண்ணீர் எங்கே கிடைக்கும்? இருட்டுவதற்குள் கூடாரம் அடிக்க முடியுமா? ஒருத்தன் தீப்பெட்டியை நனைத்துவிட்டால் எட்டுப் பேருக்கும் அன்று பச்சைத் தண்ணீர்தான். பல வருஷமாக வீட்டில் யாரும் நம்பி ஒரு வேலையும் கொடுக்காத பையனை, இங்கே ஏழு பேர் நம்பியாக வேண்டும்!

இன்னொன்று தூக்கம். போதையை விட்டவனுக்கு ராத்திரி ஒரு யுகம். பகலெல்லாம் சுமை தூக்கி நடந்த உடம்பு அடித்துப்போட்ட மாதிரி தூங்கும். பேச்சும் அப்படித்தான். டாக்டர் எதிரில் உட்கார்ந்தால் வாயே திறக்காத பயல், பக்கத்தில் நடந்து வருகிறவனிடம் தன்னை அறியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிடுவான்.

இந்த யோசனையின் வேர் யுத்த காலத்தில் இருக்கிறது. 1941ல் அட்லாண்டிக் கடலில் கப்பல்கள் மூழ்கியபோது, வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள், இளவட்டங்கள் சீக்கிரம் மனம் விட்டுச் சாகிறார்கள் என்று ஒரு கவலை எழுந்தது. ஹிட்லரிடம் சிறைப்பட்டு பிரிட்டனுக்கு வந்திருந்த ஜெர்மன் ஆசிரியர் கர்ட் ஹான், வேல்ஸ் கடற்கரையில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1962ல் அது கொலராடோ மலைக்கு வந்தது. அதே பத்தாண்டின் கடைசியில் யூட்டாவில் ஒரு பல்கலைக்கழகம், படிப்பில் தேறாத மாணவர்களைப் பாலைவனத்தில் நடக்கவிட்டுப் பார்த்தது. வழி அங்கே திறந்தது. வியாபாரிகளும் அதே வழியாக நுழைந்தார்கள்.

அர்த்தராத்திரியில் ஆள் தூக்கல்!

18 வயது தாண்டியவன் சம்மதித்தால்தான் கூட்டிப் போக முடியும். பொடியன்களுக்கு அந்த யோகம் இல்லை. அப்பா அம்மா கையெழுத்துப் போட்டால் போதும். அர்த்தராத்திரியில் இரண்டு தடியர்கள் படுக்கையறைக்குள் வந்து பையனைத் தூக்கிப் போவார்கள். கதை அல்ல, நடந்தது, நடப்பது!

1990ல் 15 வயதிலும் 16 வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள் இத்தகைய நடையில் வெயில் தாங்காமல் செத்தார்கள். 1994ல் யூட்டாவில் 16 வயதுப் பையன் வயிற்று வலியால் துடித்தான். நடிக்கிறான் என்றார்கள் காவலுக்கு வந்தவர்கள். குடல் புண் ஓட்டையாகி, வயிற்றுக்குள் சீழ் பிடித்துச் செத்த பிறகுதான் நடிப்பு இல்லை என்று தெரிந்தது.

2007ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 10 சாவுகளை எடுத்து ஆராய்ந்தது. பயிற்சி இல்லாத ஊழியர், போதாத சாப்பாடு, அலட்சியம் என்று பட்டியல் போட்டது. 2024 பிப்ரவரியில் வட கரோலினாவில் ஒரு சிறுவர் முகாமுக்கு வந்த 12 வயதுப் பையன் மறுநாள் காலையில் பிணமாகக் கிடந்தான். லைசென்ஸ் பறிபோனது. அந்த டிசம்பரில்தான் இப்படிப்பட்ட விடுதிகளையும் முகாம்களையும் பற்றிய ஒரு மத்திய சட்டம் நிறைவேறியது. 34 வருஷம் கழித்து!

இறங்கி வந்த மறுநாள்?

நடை முடிந்து ஊர் திரும்புகிறானே, அந்த நாளைப் பற்றித்தான் நாம் முக்கியமாகப் பேச வேண்டும்.

நமக்கு இது புதுசு அல்ல. சபரிமலைக்கு மாலை போட்டவர் 41 நாள் சொட்டு தொடமாட்டார். இருமுடி சுமந்து காட்டுவழி நடப்பார். மாலையைக் கழற்றிய மறுநாளே டாஸ்மாக் வாசலில் நிற்கும் சிலரையும் நாம் பார்க்கிறோம். அவர் பக்தி பொய் அல்ல. திரும்பி வந்த தெரு பழைய தெரு!

சாராயக்காரர் திரும்பினால் குடும்பம் அழும். ஹெராயின், பென்டனில் பழகியவன் திரும்பினால் உயிரே போகும். சில வாரம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. இவனோ பழைய அளவையே ஏற்றிக்கொள்வான். 2007ல் வெளியான ஓர் ஆய்வு, வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்தவர்களைக் கணக்கெடுத்தது. முதல் 2 வாரத்தில் போதை மிஞ்சிச் சாகும் ஆபத்து மற்றவர்களைவிட 129 மடங்கு! காடும் இந்த விஷயத்தில் சிறை மாதிரிதான். 2023ல் போதை மருந்து மிஞ்சி அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கு மேல் செத்திருக்கிறார்கள்.

ஆகவே மலையை மட்டும் காட்டிக் காசு கேட்பவனை நம்ப வேண்டாம். நேற்று வரை மொடாக்குடி குடித்தவனை இன்றே மலையேற்றுவது கொலை. விட்ட முதல் சில நாளில் வலிப்பு வரும், புத்தி பேதலிக்கும். அதை ஆஸ்பத்திரியில் கடந்த பிறகே மூட்டை தூக்க வேண்டும். எங்களிடம் மருந்தே கிடையாது, காற்றுதான் மருந்து என்று பெருமை பேசும் முகாம் இருந்தால் ஒதுங்கிப் போங்கள். ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன், புப்ரினார்பின் மருந்துகள் சாவைக் குறைக்கின்றன என்பது ஆராய்ச்சியில் உறுதியான விஷயம். மூக்கில் அடித்து மூச்சைத் திருப்பும் நலாக்சோன் மருந்தை, டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் விற்க 2023ல் அமெரிக்கா அனுமதித்தது. ஒவ்வொரு மூட்டையிலும் அது இருக்க வேண்டும். வீடு திரும்பும்போதும் கையோடு கொடுத்தனுப்ப வேண்டும்.

நாளைக்கே ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ யாராவது இதே போர்டை மாட்டலாம். மறுவாழ்வு மையம் என்ற பேரில் அடைத்து வைத்து அடித்த செய்திகளை நாம் படித்தவர்கள்தானே! இங்கே 2017 மனநலச் சட்டம் இருக்கிறது. போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்பும் அதற்குள் அடங்கும். பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வர மாட்டேன் என்று பையன் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

நோட்டீசில் மலை இருக்கும், நெருப்பு இருக்கும், சிரித்த முகங்கள் இருக்கும். இறங்கி வந்த மறுநாள் அவனை எந்த டாக்டர் பார்ப்பார், எந்தக் கூட்டத்தில் போய் உட்காருவான், என்ன வேலைக்குப் போவான் என்று ஒரு வரியாவது இருக்கிறதா பாருங்கள். இல்லையா? பணத்தைக் கட்டாதீர்கள்.