பத்து வருஷம் ஆனாலும் 'டெய்லர்'தான்: பனியன் கம்பெனியில் புரமோஷன் ஏன் எட்டாக்கனி?

திருமுருகன்பூண்டிக்கு இரண்டு தொழில் அடையாளம். ஒன்று கற்சிற்பம். உளி பிடித்துப் பழகும் பையன், கை தேறினால் ஒருநாள் முழுச் சிலையையும் செதுக்குவார். இன்னொன்று பனியன். கைமடியாகச் சேரும் பெண் ஓவர்லாக், பேட்லாக் பழகி டெய்லர் ஆகிறார். பெரும்பாலும் ஏணி அதோடு முடிந்துவிடுகிறது.

தையல் லைனில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். லைனை மேற்பார்வை செய்பவரோ பெரும்பாலும் ஆண். ஆண்டுக்குச் சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஊரில், திறமையான ஒரு டெய்லருக்கு அடுத்த படி எது என்று கேட்டால் பதில் இல்லை.

கூலி ஏறவே இல்லையா?

ஏறுகிறது. 2021-ல் திருப்பூர் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி, நான்கு ஆண்டுகளில் 32 சதவீத உயர்வு முடிவானது. ஆனால் இப்படிப்பட்ட ஒப்பந்தம் டெய்லர், கட்டிங், செக்கிங் என்று வேலைப் பிரிவை வைத்துத்தான் கூலி பேசும். ஒருவர் எத்தனை மெஷின் ஓட்டுவார், எத்தனை பேருக்கு வேலை சொல்லிக்கொடுத்தார் என்பதற்கு அதில் இடம் குறைவு. அதனால் முன்னேற நினைப்பவருக்குத் தெரிந்த ஒரே வழி, பீஸுக்குச் சில காசு கூடுதலாகக் கொடுக்கும் அடுத்த கம்பெனி.

சூப்பர்வைசர் ஏன் கத்துகிறார்?

ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் மேலே இருந்து வரும் அழுத்தம் அப்படியே லைனில் இறங்குகிறது. ஆட்களிடம் எப்படிப் பேசுவது என்று பல சூப்பர்வைசர்களுக்கு யாரும் பயிற்சி தந்ததில்லை. டார்கெட் மட்டும்தான் தந்திருக்கிறார்கள்.

இந்த அதிகாரத்தைக் கேள்வி கேட்க வழியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்துவிட்டது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். அதன் பிறகுதான், 2022 ஏப்ரலில், தொழிற்சங்கமும் திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' போட்டன. எச் அண்ட் எம் போன்ற பிராண்டுகளும் இதில் இணைந்தன. லைனில் வேலை பார்க்கும் பெண்களே பயிற்சி பெற்று, புகார்களைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார்கள். வாய்ப்பு கொடுத்தால் டெய்லரால் பொறுப்பு ஏற்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

'கத்துக்கொடுத்தா போயிடுவாங்க'

முதலாளிகள் சொல்லும் முக்கியக் காரணம் இதுதான். பெங்களூரு ஆடை ஆலைகளில் பொருளாதார ஆய்வாளர்கள் அச்யுத அத்வர்யு, நம்ரதா கலா, அனந்த் நியாஷதம் ஆகியோர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பெண் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பேச்சுத்திறன், நேர மேலாண்மை போன்ற பயிற்சி தரப்பட்டது. பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித் திறன் மற்றவர்களைவிட 13.5 சதவீதம் கூடுதலாக இருந்தது. அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வேலையை விட்டுப் போகவும் இல்லை.

ஆனால் அவர்கள் சம்பளம் எவ்வளவு கூடியது? வெறும் 0.5 சதவீதம். பயிற்சிக்குச் செலவழித்த பணம் கம்பெனிக்குப் பல மடங்காகத் திரும்பி வந்தது.

கோபம் இங்கேதான் இருக்கிறது. உழைப்பு கூடுகிறது, லாபம் கூடுகிறது, ஆளின் நிலை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

என்ன செய்யலாம்?

டெய்லர்களுக்குள்ளேயே அனுபவத்தையும் திறமையையும் வைத்து கிரேடு பிரித்து, ஒவ்வொரு படிக்கும் தனி ரேட் வைக்கலாம். சூப்பர்வைசர் இடம் காலியானால், வெளியில் ஆள் தேடும் முன் லைனில் இருப்பவர்களிடம் கேட்பதை விதியாக்கலாம். தீயணைப்புக் கருவியையும் கழிப்பறையையும் சோதிக்கும் பிராண்டுகளின் ஆடிட்டில், "கடந்த ஆண்டு எத்தனை டெய்லர்களுக்குப் பதவி உயர்வு?" என்ற கேள்வியையும் சேர்க்கலாம்.

ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பல் திருப்பூரில் ஓயாது. இருக்கும் ஆட்களுக்கு மேலே போக ஒரு படி போட்டாலே, அதில் பாதி குறையும்.