வேதாளத்துக்கு முகம் தந்தவர்

தோளில் வேதாளம் புகுந்த பிணம், கையில் உருவிய வாள், சுடுகாட்டில் அஞ்சாமல் நடக்கும் விக்கிரமாதித்தன். 'அம்புலிமாமா' சிறுவர் இதழைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சித்திரம் மறக்காது. ஆனால் அதை வரைந்தவர் பெயரைக் கேட்டால் பலர் விழிப்பார்கள். அவர் கே.சி. சிவசங்கரன். 'சங்கர்' என்று கையெழுத்திட்டவர். தாராபுரம் பகுதிக் கிராமத்தில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, 'கலைமகள்' இதழில் தொடங்கி, 1950களில் அம்புலிமாமாவுக்கு வந்தார். அரை நூற்றாண்டுக்கும் மேல் அங்கேயே வரைந்தார். பல மொழிகளில் வந்த இதழ் அது. படத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்பதால், தெலுங்குக் குழந்தையும் இந்திக் குழந்தையும் பார்த்தது அதே வேதாளத்தைத்தான். அரண்மனைத் தூண், அணிகலன், ஆடை மடிப்பு என்று ஒவ்வொன்றிலும் அவர் காட்டிய அக்கறை, குழந்தைக்குத்தானே என்று ஒருநாளும் குறையவில்லை. 2020இல் மறைந்தார், 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். வாழும்போதே தந்திருக்க வேண்டிய மரியாதை அது. இனியாவது சிறுவர் நூல்களின் அட்டையில் எழுத்தாளர் பெயருக்கு இணையாக ஓவியர் பெயரும் இடம்பெறட்டும். மூல ஓவியங்களை அரசு அருங்காட்சியகம் தேடிச் சேர்க்கட்டும். வாசிக்கத் தெரியுமுன்பே குழந்தையைப் புத்தகத்திடம் அழைத்து வருபவர் ஓவியர். அவருக்குரிய இடத்தைத் தருவது நம் கடமை.