போரின் வித்து

வைகை பாயும் மதுரைச் சமவெளி, நெல் விளைந்த நிலம் மட்டுமன்று. மூன்று நாட்டுப் படைகள் மோதிய களமுமாகும். கி. பி. 12-ஆம் நூற்றாண்டில் மதுரை அரியணையைக் குறித்து எழுந்த குடும்பப் பூசல் பாண்டியர், சோழர், சிங்களர் ஆகிய மூவரையும் போரில் இழுத்துவிட்டது. வீட்டுச் சண்டை நாட்டுப் போராய் வளர்ந்தது எவ்வாறு?

ஏறத்தாழ 1166-ஆம் ஆண்டில் பராக்கிரம பாண்டியன் மதுரையில் ஆண்டுவந்தான். அரசுரிமை தனக்கே உரியது எனக் கிளர்ந்த குலசேகர பாண்டியன் நகரை முற்றுகையிட்டான். பராக்கிரம பாண்டியன் இலங்கை வேந்தன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி வேண்டினான். படை வந்து சேருமுன் மதுரை வீழ்ந்தது, பாண்டியனும் கொல்லப்பட்டான். அழைத்தவன் மாண்டபின்னும் வந்த படை திரும்பவில்லை. தண்டநாயகன் இலங்காபுரன் இராமேசுவரத்தைக் கைப்பற்றி, இறந்தவன் மகன் வீரபாண்டியனுக்கு முடிசூட்ட முனைந்தான். குலசேகரன், சோழ வேந்தன் இரண்டாம் இராசாதிராசனைத் துணைக்கழைத்தான். தொண்டியிலும் பாசியிலும் போர் மூண்டது.

மன்னரின் மண்ணாசையே இதற்குக் காரணம் என்பர் சிலர். அஃது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. அரியணைப் பூசல் தீப்பொறியே. விறகோ நெடுங்காலமாக அடுக்கப்பட்டிருந்தது. 1017-இல் இலங்கை முழுவதையும் அடிப்படுத்திய சோழர், 1070-இல்தான் அங்கிருந்து அகற்றப்பட்டனர். அவர்கள் மீண்டும் வருவர் என்பது சிங்களரின் அச்சம். பாண்டி நாட்டில் இலங்கைப் படை காலூன்றினால் தம் நாட்டுக்கும் கேடு வரும் என்பது சோழரின் அச்சம். இருவரும் மதுரைக்கு நீதி வழங்க வந்தவரல்லர். தத்தம் அச்சத்துக்கு மதுரையை அரணாக்க வந்தவரே.

இதற்குச் சான்று பின் நிகழ்ச்சியிலேயே உளது. சில ஆண்டுகளில் குலசேகரன் இலங்கையோடு உறவு கொண்டான். உடனே சோழர் அவனைக் கைவிட்டு, தாம் முன்பு எதிர்த்த வீரபாண்டியனையே அரியணையில் அமர்த்தினர்! உரிமைக்காகப் போர் நடந்திருப்பின், உரியவன் இவ்வாறு மாறுவானோ?

வெற்றி யாருக்கு? மகாவமிசம் இலங்கைக்கு என்கிறது. பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டோ சிங்களத் தண்டநாயகரின் தலைகள் மதுரைக் கோட்டை வாயிலில் அறையப்பட்டன என்கிறது. சோழரின் பெருமிதமும் நிலைக்கவில்லை. 1216-இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் தீக்கிரையாக்கினான். படைகள் மிதித்த வயல்களுக்கு உரிய உழவரின் இழப்பையும் மறத்தலாகாது.

1914-ஆம் ஆண்டு சூன் 28-இல் சராசீவோ நகரில் ஆத்திரிய இளவரசர் சுடப்பட்டார். ஆறு வாரத்துக்குள் ஐரோப்பாவின் வல்லரசுகள் பல போரில் இறங்கின. அங்கும் கொலை தீப்பொறியே. ஒருவரையொருவர் அஞ்சிச் செய்துகொண்ட கூட்டுறவுகளே விறகு.

தீப்பொறி எங்கும் எழக்கூடும்; அதனை முற்றும் தடுப்பது அரிது. விறகை அடுக்காதிருப்பதோ மாந்தர் கையில் உள்ளது. உட்பூசலைத் தம்முள் தீர்த்துக்கொள்ளும் நாடும், அண்டை நாட்டின் அச்சத்தைப் பேசிப் போக்கும் நாடுமே அமைதியைக் காக்க வல்லன. மதுரை தன் குருதியால் கற்ற பாடம் இதுவே.