கைது விவரம் மலையிலேயே கிடைக்க வேண்டும்

கொல்லிமலையில் ஒருவரைக் காவல்துறை அழைத்துச் சென்றால், அவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார், என்ன வழக்கு, எந்த நீதிமன்றத்துக்குப் போகிறார் என்று விசாரிக்கவே வீட்டார் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி அலையும் நிலை இருக்கக் கூடாது. இது சலுகை கேட்பதல்ல. இருக்கும் சட்டத்தை நிறைவேற்றச் சொல்வது.

2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-ஆவது பிரிவின்படி, கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட வேண்டும். அதற்கென ஓர் அதிகாரியும் பொறுப்பேற்க வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின் தொடர்ச்சி இது.

முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. தொடர்பு வசதி குறைந்த பகுதிகளில் 72 மணி நேரம் வரை காவல்துறைக்கு அவகாசமும் தந்தது. ஆனால் சிக்னல் இல்லாத ஊரில், வழக்கு எண்கூடத் தெரியாமல் நிற்கும் தாய்க்கு இணையத்தில் ஏறிய அறிக்கையால் என்ன பயன்?

கைதுப் பதிவு மக்கள் கைக்கு எட்டாதபோது என்ன நடக்கும் என்பதை இம்மலையில் வாழும் மலையாளி பழங்குடியினர் அறிவார்கள். 1992-இல் அதே இனத்தைச் சேர்ந்த வாச்சாத்தி கிராமத்துப் பெண்கள் அரூர் வனத்துறை அலுவலகத்தில் அடைத்து வைக்கப்பட்டு வதைக்கப்பட்டார்கள். தீர்ப்பு வர 2011 ஆயிற்று.

காவல் நிலையப் பலகையில் பெயரை வெளியிட்டால் மானம் போகாதா என்ற கேள்வி நியாயமானது. கைதானவர் குற்றவாளி அல்லர். ஆகவே ஜாமீனில் வந்ததும் பலகையிலிருந்து பெயர் நீங்க வேண்டும். சிறார், பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டோர் ஆகியோரின் அடையாளம் ஒருபோதும் வெளிவரக் கூடாது. உறவினர் தேடி வந்து கண்டுபிடிக்கவே பலகை, ஊரார் தூற்றுவதற்கல்ல.

நாமக்கல் மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டியவை எளியவை. மலையிலுள்ள காவல் நிலையங்களில் தினமும் தமிழில் எழுதப்படும் பலகை. அதன் நகல் செம்மேடு வட்டாட்சியர் அலுவலகத்திலும் வேண்டும். இ-சேவை மையத்தில் முதல் தகவல் அறிக்கையையும் அடுத்த வாய்தா தேதியையும் அச்சிட்டுத் தர வேண்டும். பழங்குடியினருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு என்கிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம். அந்த உதவிக்கான தொலைபேசி எண் 15100-உம் அதே பலகையில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.