விடுதியில் யாரிடம் கேட்பது?

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். வெளியூரில் கற்கப் போன அவர்கள் இருவராகப் போனது விடுதிப் பொறுப்பில் இருக்கும் நமக்கு ஒரு செய்தி சொல்கிறது: கற்கத் துணை வேண்டும்.

இன்று அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, மெப்கோ பொறியியல் கல்லூரி, கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகம், 2022-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி என விருதுநகர் மாவட்டமே வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடமாகிவிட்டது. பட்டாசு, தீப்பெட்டி ஆலைக் கூலியில் வளர்ந்து, குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிப் படி ஏறுபவர்களும் இவர்களில் உண்டு. பாடத்தில் சந்தேகம் வந்தால் வீட்டில் கேட்க ஆளில்லை. அறைத்தோழிதான் முதல் ஆசிரியை.

திட்டமிடுதல், செய்தல், செய்ததைத் திரும்பிப் பார்த்தல் என்று தன் படிப்பைத் தானே நெறிப்படுத்தும் தன்னெறிக் கற்றலைக் கல்வி உளவியலாளர் பாரி சிம்மர்மன் மூன்று கட்டமாகப் பிரித்தார். தக்கவரிடம் உதவி கேட்பதும் அதன் உத்திகளில் ஒன்று என்பது அவரது முடிவு. உளவியலாளர் ஷாரன் நெல்சன்-லெகால் 1981-லேயே உதவி கேட்பதில் இரு வகை கண்டார்: அடுத்த முறை தானே செய்வதற்காகக் கேட்பது ஒன்று, வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவதற்காகக் கேட்பது மற்றொன்று. இன்டர்னல் தேர்வுக்கு முந்தின இரவு வாட்ஸ்அப்பில் சுற்றும் விடைத்தாள் படங்கள் இரண்டாம் வகை. நட்பு வளரும், படிப்பு வளராது.

நம் விடுதிகளோ ஸ்டடி ஹவரில் பேச்சையே தடுக்கின்றன. கடைசி அரை மணி நேரமாவது பாடம் பற்றிப் பேச விடலாம். விடை சொல்லும் முன் “எதுவரைக்கும் புரிஞ்சது?” என்று கேட்க சீனியர்களைப் பழக்கலாம். தீபாவளி முடிந்ததும் பல ஆலைகள் சில வாரம் மூடும். வீட்டில் வருமானம் நிற்கும் அந்த நேரத்தை ஒட்டியே செமஸ்டர் தேர்வும் வரும். ஆகவே தேர்வுக்கான அட்டவணையை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் முன்பே இருவர் இருவராக உட்கார்ந்து போட வைப்பது நல்லது.

தோழி தரும் உதவிக்கு ஓர் எல்லையும் வேண்டும். தூக்கமின்மை, சாப்பிடாமை, உயிர் வெறுத்த பேச்சு ஆகியவை தோழி சுமக்க வேண்டிய பாரமல்ல. அவற்றை உடனே ஆலோசகரிடம் கொண்டுபோகப் பழக்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் ஒவ்வொரு தளத்திலும் ஒட்டப்பட வேண்டும்.

விடுதியின் தரத்தை ஸ்டடி ஹவர் வருகைப் பதிவேட்டைக் கொண்டு அளப்பது போதாது. இறுதியாண்டு மாணவி வார்டன் சொல்லாமலே தன் அட்டவணையைப் போட்டு, தவறிய இடத்தைத் தானே திருத்துகிறாளா என்பதை ஆண்டுதோறும் பார்ப்போம்.