ஒன்றரை என்கிற எண்

ஓசூரில் ஒகேனக்கல் என்றால் 2008-ல் கர்நாடகாவோடு நடந்த தகராறுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் என்ற நோயும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஜப்பான் கடனில் கட்டி, 2013-ல் திறந்தார்கள்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பாறைகளின் ஃபுளோரைடு போர் தண்ணீரில் இறங்குகிறது. முதலில் பல்லில் காவி படியும். முற்றினால் எலும்பும் மூட்டும் போகும். "எங்க ஊர்ல எல்லாருக்கும் பல்லு இப்படித்தான்" என்று விட்டிருந்ததை நோய் என்று நிறுவ ஓர் உலக அளவுகோல் உதவியது. அதை நான் மறுக்கவில்லை. அதை நாம் வாசித்த விதம்தான் என் பிரச்சினை.

உலக சுகாதார நிறுவனம் 1971-ல் ஃபுளோரைடு அளவை ஊரின் வெப்பத்தைப் பொறுத்து வகுத்தது. வெயில் ஊர்களுக்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிகிராம்தான். 1984-ல் அது 1.5 என்ற ஒற்றை எண்ணானது. கூடவே, உள்ளூர்த் தட்பவெப்பத்தையும் மக்கள் குடிக்கும் நீரின் அளவையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்ற குறிப்பும் இருந்தது. எண் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது, குறிப்பு சேரவில்லை. எங்கள் தொழிலிலும் இது நடக்கும்: யாரோ எழுதிய நிரலை எடுத்துப் போடுவோம், மேலே இருக்கும் கமெண்ட்டைப் படிக்கமாட்டோம்.

கணக்கு எளிது. 1.5 மில்லிகிராம் உள்ள நீரில் இரண்டு லிட்டர் குடித்தால் உடலுக்குள் போவது 3 மில்லிகிராம். வெயிலில் கல்குவாரியில் நின்று ஐந்து லிட்டர் குடிப்பவருக்கு 7.5. இரண்டு பேருக்கும் ஒரே 'பாதுகாப்பான' தண்ணீர்!

"நம்ம நாட்டு அளவு இன்னும் கறாராச்சே?" என்பார்கள். உண்மைதான். இந்தியத் தர நிர்ணயப்படி ஏற்கத்தக்க அளவு 1.0. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை போகலாம். அதாவது, வேறு வழியே இல்லாதவர் கூடுதலாக நஞ்சைப் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

சரி, அந்த விதியையே பிடித்துக்கொண்டு கேட்கிறேன். காவிரி நீர் வந்த ஊரில் வேறு நீராதாரம் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்றால் அங்கே 1.5 காலாவதி. குழாய் வராத நாளில் மக்கள் பிடிக்கும் போர் தண்ணீரையும் 1.0-ஐ வைத்துத்தான் அளக்கவேண்டும். இல்லை என்று சொல்வதானால், இத்தனை கோடி கடன் எதற்கு வாங்கினோம் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.