சொல் விளங்கினால் உயிர் தப்பும்

பிள்ளைகளை நூதனசாலைக்கு அழைத்துச் செல்வது நல்ல காரியம். ஆனால் அங்கு விளக்கமளிப்பவரின் மொழி அவர்களுக்கு விளங்குகின்றதா என்று நாம் கேட்பதில்லை. "புவித்தட்டுகளின் அசைவினால் உண்டாகும் பேரலையே சுனாமி" என்று ஒப்புவிக்கும் பிள்ளைக்குப் பரீட்சையில் புள்ளி கிடைக்கும். கடல் எழும் நேரத்தில் அந்த வசனம் பிள்ளையைக் காப்பாற்றுமா?

ஹவாயின் ஹீலோ நகரில் 1994இல் நிறுவப்பட்ட பசிபிக் சுனாமி நூதனசாலை, அலையில் தப்பியவர்களின் வாய்மொழியைக் கொண்டே விஞ்ஞானத்தை விளக்குகின்றது. இந்தோனேசியாவின் சிமெலுவே தீவிலோ நூதனசாலைகூடத் தேவைப்படவில்லை. 1907இல் வந்த பேரலையை 'ஸ்மோங்' என்ற ஊர்ச்சொல்லால் மூத்தோர் தலைமுறைதோறும் சொல்லி வந்தனர். நிலம் பலமாக அதிர்ந்து கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் பொருள். 2004 டிசம்பர் 26இல் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் 7 பேர் எனப் பதிவாகியுள்ளது. அன்று எமது அம்பாறை மாவட்டம் இழந்ததோ பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை.

அப்படியானால் அந்தப் பாடத்தை மொழிபெயர்த்துப் பாண்டிருப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் போதுமா? போதாது. நில அதிர்வு நிகழ்ந்த இடம் எமக்கு வெகுதூரம்; இங்கு பலர் அதை உணரவேயில்லை. சுமாத்திராவின் மேற்கே கடலடி உயர்ந்தமையால், எம்மை நோக்கி வந்த அலையின் முகடே முதலில் கரையைத் தொட்டது. கிழக்கே தாய்லாந்தை நோக்கிப் போன அலைக்குப் பள்ளம் முன்னே சென்றது. அங்கு கடல் முதலில் வற்றியது. "கடல் வற்றினால் ஓடு" என்று மாத்திரம் கற்ற எமது பிள்ளை, அது வற்றும்வரை பார்த்து நின்றே மாண்டுபோகும். ஆகவே எமது கரைக்குரிய பாடம் இது: கடல் வழமைக்கு மாறாக ஏறினாலும் வற்றினாலும் ஓடு, ஓர் அலையோடு முடிந்ததென்று திரும்பி வராதே.

விஞ்ஞானத்தை ஊரின் அனுபவத்திலிருந்து தொடங்குவது கடினமன்று. அலைக்குப் பின் உப்பேறிய கிணறுகளை நினைத்துப் பாருங்கள். அவசரப்பட்டு நெடுநேரம் இறைத்த சில கிணறுகள் மேலும் உவர்த்தன. கரையோர மணலின் கீழே பாரமான உவர்நீரும் அதன்மேல் இலேசான நன்னீரும் கிடக்கின்றன. மேலேயுள்ளதை மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ளது மேலேறும். பாடநூல் 'அடர்த்தி' என்பது இதைத்தான். கண்டதை முதலில் சொல்லி, காரணத்தை அடுத்துக் கூறி, கலைச்சொல்லைக் கடைசியில் கொடுத்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் விளங்காது? விதைப்பவனையும் நிலத்தையும் காட்டியல்லவா ஆண்டவர் இயேசுவும் போதித்தார்!

இடம்பெயர்ந்து வாழும் விவசாயப் பெற்றோரே, காணியை விட்டு வந்தீர்கள். மண்ணையும் நீரையும் பற்றிய அறிவை விட்டு வரவில்லை. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆசிரியர்களிடம் எமது வேண்டுகோள் ஒன்றே: நூதனசாலைக்குப் புறப்படுமுன் மாணவரை ஒருமுறை ஊர்க் கிணற்றடிக்கு அழைத்து வாருங்கள். அங்கே விளக்கமளிக்க இந்தப் பெற்றோர் இருக்கின்றனர்.